எரிபொருள் மாறும்போது விலை கொடுப்பது யார்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சிலாங்கூரில் ரவாங்கிற்கு அருகே பத்து ஆராங் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. மலாய் மொழியில் 'ஆராங்' என்றால் கரி. பெயரிலேயே ஊரின் வரலாறு அடங்கியிருக்கிறது. இன்று அங்கே போகிறவர்கள் பார்ப்பது சில பழைய கடைவரிசைகளையும், புதர்களுக்கு இடையே நிற்கும் செங்கல் புகைபோக்கிகளையும்தான். ஆனால் 1915 முதல் 1960 வரை அந்த ஊர்தான் மலாயாவின் அடுப்பு. அங்கே வெட்டப்பட்ட நிலக்கரியில்தான் ரயில் வண்டிகள் ஓடின. மின் நிலையங்கள் இயங்கின. ஈயச் சுரங்கங்களின் இயந்திரங்கள் சுழன்றன. சீனர்களும் இந்தியர்களும் ஆயிரக்கணக்கில் அங்கே வேலை செய்தார்கள். 1937ஆம் ஆண்டு அந்தத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் பிரிட்டிஷ் ஆட்சியையே கலங்க வைத்தது. கரி வெட்டுவது நின்றால் நாடே நின்றுவிடும் என்பது ஆட்சியாளர்களுக்கும் தெரியும், தொழிலாளர்களுக்கும் தெரியும்.

பிறகு என்ன நடந்தது? எண்ணெய் வந்தது. 1950களில் ரயில்கள் எண்ணெய்க்கும் டீசலுக்கும் மாறத் தொடங்கின. கரியை வாங்க ஆள் இல்லை. 1960இல் சுரங்கம் மூடப்பட்டது. பிழைப்புத் தேடிக் குடும்பங்கள் ஊரை விட்டுக் கிளம்பின. எந்த ஊரின் கரி நாட்டை ஓட்டியதோ, அந்த ஊர் ஓய்ந்து போனது.

ஆகவே, ஓர் எரிபொருளிலிருந்து இன்னோர் எரிபொருளுக்கு மாறுவது மலேசியாவுக்குப் புதிதல்ல. ஒருமுறை மாறியிருக்கிறது. அந்த முதல் மாற்றத்தின் விலையைக் கொடுத்தவர்கள் யார் என்பதற்குப் பத்து ஆராங் சாட்சி. இன்று நிலக்கரியையும் எண்ணெயையும் விட்டுச் சூரிய ஒளிக்கும் நீருக்கும் மாற வேண்டும் என்று பேசும்போது, இயந்திரங்களைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். தகடு, மின்கலம், மின்சாரக் கார் என்று பட்டியல் நீள்கிறது. ஆனால் அடிப்படைக் கேள்வி இயந்திரத்தைப் பற்றியது அல்ல; பணத்தைப் பற்றியது. இந்த முறை விலை கொடுக்கப் போவது யார்?

இருளில் பிறந்த ஒப்பந்தங்கள்

எண்ணெயின் கதை சரவாக்கில் தொடங்குகிறது. 1910ஆம் ஆண்டு மிரியில் முதல் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்டது. 1974இல் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் நிறைவேறி, பெட்ரோனாஸ் நிறுவனம் பிறந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே உலகச் சந்தையில் எண்ணெய் விலை எகிறியது. ஒரே எரிபொருளை நம்பி இருப்பது ஆபத்து என்று உணர்ந்த அரசாங்கம், 1981இல் நான்கு எரிபொருள் கொள்கையை வகுத்தது. எண்ணெய், இயற்கை எரிவாயு, நீர்மின்சாரம், நிலக்கரி ஆகியவையே அந்த நான்கு. அதாவது, வாசல் வழியாக வெளியே போன நிலக்கரி கொல்லைப்புற வழியாகத் திரும்பி வந்தது. இந்த முறை அது பத்து ஆராங்கிலிருந்து வரவில்லை. இந்தோனேசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வந்தது.

1992 செப்டம்பர் 29ஆம் தேதி தீபகற்ப மலேசியா முழுவதும் மின்சாரம் நின்றது. 1996 ஆகஸ்ட் 3ஆம் தேதி மறுபடியும் நின்றது. தொழிற்சாலைகளை வரவேற்றுக்கொண்டிருந்த நாட்டுக்கு இது பெரிய அடி. முதல் இருட்டடிப்புக்குப் பிறகு, 1993 முதல் தனியார் நிறுவனங்கள் மின் உற்பத்தியில் இறங்க அனுமதி பெற்றன. அவற்றோடு தெனாகா நேஷனல் செய்துகொண்ட கொள்முதல் ஒப்பந்தங்கள் நீண்டகால ஒப்பந்தங்கள். முதல் தலைமுறை ஒப்பந்தங்கள் 21 ஆண்டுகளுக்கு. பின்னால் வந்த நிலக்கரி நிலையங்களுக்கு 25 ஆண்டுகள் வரை.

இந்த ஒப்பந்தங்களின் உள்ளே ஒரு முக்கியமான விதி இருக்கிறது. மின்சாரத்தை வாங்கினாலும் வாங்காவிட்டாலும், நிலையம் தயாராக இருப்பதற்கே ஒரு கட்டணம் கொடுத்தாக வேண்டும். இதை ஒரு வாடகைப் பேருந்தோடு ஒப்பிடலாம். மாத வாடகை பேசிவிட்டால், பேருந்து ஓடினாலும் நின்றாலும் வாடகை கொடுக்கத்தான் வேண்டும். ஓடினால் எண்ணெய்ச் செலவு தனி.

காப்பார், மஞ்சோங், தஞ்சோங் பின், போர்ட்டிக்சன் அருகே உள்ள ஜிமா ஆகிய பெரிய நிலக்கரி நிலையங்கள் இப்படித்தான் நாட்டின் மின்சாரத்தைத் தாங்கி நிற்கின்றன. நாட்டின் மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் நிலக்கரியிலிருந்து வருகிறது. 'நிலக்கரி கெடுதல் என்றால் நாளைக்கே மூடிவிடலாமே' என்று கேட்பவர்களுக்கு விடை இந்த ஒப்பந்தங்களில் இருக்கிறது. ஒப்பந்தம் முடியும் முன்பு மூடினால், மீதிக் காலத்துக்கு இழப்பீடு தர வேண்டும். அந்த இழப்பீடு ஒன்று மின் கட்டணத்தில் வரும், அல்லது வரிப் பணத்தில் வரும். இரண்டும் மக்கள் பணம்தான்.

2021ஆம் ஆண்டு, புதிய நிலக்கரி நிலையங்கள் கட்டப்படமாட்டா என்றும், 2050க்குள் கரியமில வாயு வெளியேற்றத்தை நிகரச் சுழியமாக்குவது இலக்கு என்றும் அரசாங்கம் அறிவித்தது. 2023இல் வெளியான தேசிய எரிசக்தி மாற்றத் திட்டம், 2050க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க சக்தியாக்க வேண்டும் என்கிறது. நிலக்கரி நிலையங்கள் ஒப்பந்தம் முடிய முடிய ஓய்வு பெறும். 2044க்குள் நிலக்கரி முழுவதும் விலகும் என்பது அறிவிக்கப்பட்ட கணக்கு. இது மெதுவான கணக்கு என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏன் மெதுவாக இருக்கிறது என்பதற்குக் காரணம் சோம்பல் மட்டுமல்ல, பழைய கையெழுத்துகளும்தான்.

நிலக்கரி மலிவானது என்ற நம்பிக்கையும் சோதனைக்கு உள்ளானது. 2022 ஜனவரியில், உள்நாட்டு மின் நிலையங்களுக்குக் கரி போதவில்லை என்று இந்தோனேசியா ஏற்றுமதியைத் தற்காலிகமாகத் தடை செய்தது. அடுத்த மாதமே ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. அந்த ஆண்டு உலகச் சந்தையில் ஒரு டன் நிலக்கரி 400 அமெரிக்க டாலரையும் தாண்டி விற்றது. மஞ்சோங்கில் எரியும் கரியின் விலையை ஜக்கார்த்தாவும் மாஸ்கோவும் தீர்மானித்தன. சூரிய ஒளியை அப்படி யாரும் ஏற்றுமதித் தடை செய்ய முடியாது.

ஒரு கதவில் வரவு, மறு கதவில் செலவு

இனி பெட்ரோலுக்கு வருவோம். 2022ஆம் ஆண்டின் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். அந்த ஆண்டு பெட்ரோனாஸ் அரசாங்கத்துக்குக் கொடுத்த லாப ஈவு 50 பில்லியன் ரிங்கிட். அதே ஆண்டு பெட்ரோல், டீசல், சமையல் எரிவாயு மானியத்துக்கு அரசாங்கம் செலவிட்டதும் ஏறக்குறைய 50 பில்லியன் ரிங்கிட். கடலுக்கு அடியிலிருந்து எடுத்த எண்ணெயின் ஆதாயம் ஒரு கதவு வழியாகக் கஜானாவுக்குள் வந்து, மறு கதவு வழியாக வாகனங்களின் புகைக்குழாயில் போய்விட்டது. எண்ணெய் விலை ஏறும்போது வரவும் ஏறுகிறது, செலவும் ஏறுகிறது. நாட்டுக்கு மிஞ்சியது எவ்வளவு?

மானியத்தால் ஏழைக்கு நன்மை இல்லையா என்று கேட்கலாம். உண்டு. மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் தொழிலாளிக்கு அது பெரிய உதவி. ஆனால் மோட்டார் சைக்கிள் தொட்டியில் எத்தனை லிட்டர் பிடிக்கும்? பெரிய கார் தொட்டியில் எத்தனை லிட்டர் பிடிக்கும்? லிட்டருக்கு இவ்வளவு என்று கொடுக்கும் மானியம், அதிக லிட்டர் வாங்குபவருக்கே அதிகம் போய்ச் சேரும். வீட்டில் மூன்று கார் வைத்திருப்பவருக்கு மூன்று பங்கு; பேருந்துக்குக் காத்திருப்பவருக்கு நேரடியாக ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு, மலிவான டீசல் எல்லை தாண்டியும் கடத்தப்பட்டது.

மேலும், பெட்ரோல் மலிவாக இருக்கும் வரை மின்சாரக் காருக்கோ பேருந்துக்கோ ரயிலுக்கோ மாறுவதற்குக் காரணம் இருக்காது. ஒரு கையால் சுத்தமான சக்திக்கு ஊக்கத்தொகை கொடுத்துக்கொண்டு, மறு கையால் அதைப் போல் பல மடங்கு பணத்தைப் புகைக்குக் கொடுப்பது காரை ஓட்டிக்கொண்டே பிரேக்கையும் மிதிப்பதற்குச் சமம்.

மூன்று விலை உயர்வுகள்

அப்படியானால் மானியத்தை எடுத்துவிடலாமே? இங்கேதான் அரசியல் வருகிறது. மலேசியா இதை மூன்று விதமாகச் செய்து பார்த்திருக்கிறது. மூன்றையும் ஒப்பிட்டால் நல்ல பாடம் கிடைக்கும்.

முதலாவது 2008. உலகச் சந்தையில் எண்ணெய் விலை பீப்பாய்க்கு 147 டாலரை நோக்கி ஏறிக்கொண்டிருந்த நேரம். ஜூன் 4ஆம் தேதி மாலை அறிவிப்பு. நள்ளிரவு முதல் அமல். பெட்ரோல் லிட்டருக்கு 1.92 ரிங்கிட்டிலிருந்து 2.70க்கு உயர்ந்தது. டீசல் 1.58லிருந்து 2.58க்கு உயர்ந்தது. அன்றிரவு எண்ணெய் நிலையங்களில் நின்ற வரிசைகள் பலருக்கு இன்னும் நினைவிருக்கும். சிறிய கார் உரிமையாளருக்கு 625 ரிங்கிட்டும், மோட்டார் சைக்கிளுக்கு 150 ரிங்கிட்டும் அஞ்சலகம் வழியாகத் திருப்பித் தரப்பட்டன. ஆனால் விலை முன்னால் வந்தது. உதவி பின்னால் வந்தது. கார் இல்லாதவருக்குப் பொருள் விலை ஏறியது மட்டுமே மிச்சம். மக்களின் கோபம் தெருவில் வெடித்தது. ஆண்டு முடிவதற்குள் உலக விலை சரிந்து, பெட்ரோல் விலையும் குறைக்கப்பட்டது. சீர்திருத்தம் என்ற பேச்சும் அடங்கிப் போனது.

அதற்குப் பிறகு, 2014 டிசம்பரில் உலக விலை இறங்கிக்கொண்டிருந்தபோது மானியம் சத்தமில்லாமல் நீக்கப்பட்டது. யாருக்கும் வலிக்கவில்லை. ஆனால் விலை மறுபடி ஏறியதும் வலித்தது. 2018 தேர்தலுக்குப் பிறகு பெட்ரோல் விலைக்கு உச்சவரம்பு திரும்ப வந்தது. விலை இறங்கும்போது எடுத்த மானியம், விலை ஏறும்போது நிற்கவில்லை.

இரண்டாவது முயற்சி 2024. இந்த முறை தீபகற்பத்தில் டீசல் மட்டும். மே மாத இறுதியில் உதவித் தொகைக்கான பதிவு முதலில் திறக்கப்பட்டது. தகுதியுள்ள டீசல் வாகன உரிமையாளர்களுக்கும் சிறு தோட்டக்காரர்களுக்கும் மாதம் 200 ரிங்கிட். ஜூன் 10ஆம் தேதிதான் விலை 2.15லிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு உயர்ந்தது. பள்ளிப் பேருந்துகளும் பொதுப் பேருந்துகளும் 1.88 ரிங்கிட்டில் தொடர்ந்து எண்ணெய் ஊற்ற வழி செய்யப்பட்டது. சரக்கு லோரிகளுக்கு 2.15 தொடர்ந்தது. சபா, சரவாக்கில் விலை உயரவில்லை. குறைகள் இல்லாமல் இல்லை. அட்டை கிடைக்கத் தாமதமானவர்கள் உண்டு. பட்டியலில் இடம் பெறாத தொழில்கள் உண்டு. ஆனால் 2008இல் நடந்ததைப் போல நாடு கொந்தளிக்கவில்லை.

மூன்றாவது 2025. செப்டம்பர் 30 முதல் குடிமக்கள் அடையாள அட்டையைக் காட்டி, மாதம் 300 லிட்டர் வரை, லிட்டர் 1.99 ரிங்கிட்டுக்கு பெட்ரோல் ஊற்றலாம் என்ற ஏற்பாடு தொடங்கியது. மற்றவர்களுக்கு மானியமில்லாத விலை. தொடங்கியபோது அது 2.60. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அதுவரை இருந்த விலை 2.05. அதாவது மானியத்தைச் சீர்திருத்துவதற்காகக் குடிமக்களுக்கு விலை 6 சென் குறைக்கப்பட்டது! எண்ணெய் மானியத்தில் கைவைப்பது எவ்வளவு கடினமான அரசியல் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இருக்க முடியாது.

இதில் மலேசியா தனியாக இல்லை. பிரான்சில் 2018ஆம் ஆண்டு எரிபொருள் வரியை உயர்த்தப் போவதாக அறிவித்ததும் மஞ்சள் சட்டை அணிந்த மக்கள் சாலைச் சந்திப்புகளை மறித்தார்கள். அந்த வரி உயர்வு கைவிடப்பட்டது. போராடியவர்களில் பலர் நகரத்துக்கு வெளியே குடியிருந்து, காரை நம்பியே வேலைக்குப் போனவர்கள். அவர்கள் பூமிக்கு விரோதிகள் அல்ல. மாத முடிவில் கையில் பணம் இல்லாதவர்கள். அவர்களுக்கு ரயிலும் பேருந்தும் கொடுக்கப்படவில்லை. வரி மட்டும் கொடுக்கப்பட்டது.

மூன்று அனுபவங்களும் சொல்வது ஒன்றுதான். உதவி முதலில், விலை பிறகு. இந்த வரிசை மாறினால் எவ்வளவு நல்ல கொள்கையும் தோற்கும்.

கூரை உள்ளவரும் கூரை இல்லாதவரும்

இனி சூரிய ஒளி. 2001இலேயே புதுப்பிக்கத்தக்க சக்தி ஐந்தாவது எரிபொருள் என்று எட்டாவது மலேசியத் திட்டம் அறிவித்தது. ஆனால் அறிவிப்பு மட்டும் மின்சாரம் தராது. முதலீடு செய்பவருக்கு விலை உறுதி வேண்டும். 2011இல் புதுப்பிக்கத்தக்க சக்திச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் முதல், கூரையில் தகடு பொருத்தியவர் உற்பத்தி செய்யும் மின்சாரத்துக்கு நிச்சயமான விலை கிடைத்தது. தொடக்கத்தில் வீட்டுக் கூரையில் உற்பத்தியாகும் ஒரு கிலோவாட் மணி மின்சாரத்துக்கு 1.23 ரிங்கிட் வரை அடிப்படை விலை. சாதாரண மின் கட்டணத்தைவிட இது பல மடங்கு.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? மற்றவர்களின் மின் கட்டணத்திலிருந்து. முதலில் கட்டணத்தில் 1 விழுக்காடு; 2014 முதல் 1.6 விழுக்காடு. ஆனால் மாதம் 300 கிலோவாட் மணிக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. இந்த விலக்கைப் பாராட்ட வேண்டும். சிறிய வீட்டில் இரண்டு மின்விசிறியோடு வாழும் குடும்பத்தின் பணத்தில், பெரிய வீட்டின் கூரைக்குத் தகடு வாங்கும் நிலையை அது தவிர்த்தது.

ஆனாலும் ஒரு குறை நீங்கவில்லை. தகடு பொருத்தச் சொந்தக் கூரை வேண்டும். கையில் முதலும் வேண்டும். அடுக்குமாடியில் பத்தாவது மாடியில் குடியிருப்பவருக்குக் கூரை ஏது? வாடகை வீட்டில் இருப்பவர் யார் வீட்டுக் கூரையில் பொருத்துவார்? தோட்டப்புறத்தை விட்டு நகரத்துக்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் பல, மலிவு விலை அடுக்குமாடிகளில்தான் வாழ்கின்றன. லயத்து வீட்டிலும் கூரை அவர்களுக்குச் சொந்தமாக இருக்கவில்லை, அடுக்குமாடியிலும் இல்லை. 2016இல் வந்த நிகர அளவீட்டுத் திட்டம், பின்பு 2021இல் வந்த அதன் மூன்றாவது வடிவம் ஆகியவையும் பெரும்பாலும் தரைவீட்டுக்காரர்களுக்கே பயன்பட்டன. அந்த மூன்றாவது வடிவம் 2025 ஜூனில் முடிந்தது.

நல்ல செய்தியும் உண்டு. சூரிய மின்சாரத்தின் விலை வியக்கத்தக்க அளவு இறங்கிவிட்டது. பெரிய அளவிலான சூரிய மின் பண்ணைகளுக்கு 2019இல் நடந்த ஏலத்தில், கிலோவாட் மணிக்கு ஏறக்குறைய 18 சென் என்ற விலைக்கு நிறுவனங்கள் முன்வந்தன. எரிவாயு மின்சாரத்தை விட இது மலிவு என்று அப்போதைய அமைச்சர் இயோ பீ இன் அறிவித்தார். வீட்டுக் கூரையையும் பெரிய பண்ணையையும் நேரடியாக ஒப்பிடக் கூடாது என்பது உண்மைதான். ஆனாலும் 'சுத்தமான மின்சாரம் பணக்காரர் பொருள்' என்ற பழைய வாதம் உடைந்துவிட்டது.

இப்போதைய சிக்கல் வேறு. சூரியன் மாலையில் மறைந்துவிடும். குளிரூட்டி இரவு முழுதும் ஓடும். பகலில் கிடைப்பதைச் சேமிக்கப் பெரிய மின்கலங்கள் வேண்டும். மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கம்பிகளை வலுப்படுத்த வேண்டும். தகடு மலிவு, ஆனால் தகட்டைச் சுற்றியுள்ள வேலை மலிவல்ல. ஜோகூரில் பெருகிவரும் தரவு மையங்கள் இரவு பகல் பாராமல் மின்சாரம் கேட்கின்றன. அவற்றுக்காகப் போடும் கம்பிகளின் செலவை அவையே ஏற்க வேண்டுமா, எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டுமா என்பதும் அதே பழைய கேள்விதான்.

இன்னொரு முரண்பாட்டையும் சொல்ல வேண்டும். கெடா மாநிலம் கூலிமில் 2008 முதல் சூரியத் தகடுகள் தயாராகின்றன. பினாங்கிலும் தொழிற்சாலைகள் வந்தன. பல ஆண்டுகளாக மலேசியா உலகுக்குத் தகடு ஏற்றுமதி செய்யும் முன்னணி நாடுகளில் ஒன்று. ஆனால் அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்பவரின் வீட்டுக் கூரையில் தகடு கிடையாது. ஏற்றுமதியை மட்டும் நம்பிய தொழிலுக்கு 2025இல் அடி விழுந்தது. மலேசியா, தாய்லாந்து, வியட்நாம், கம்போடியா ஆகிய நாடுகளின் சூரிய மின்கலங்களுக்கு அமெரிக்கா கூடுதல் வரி விதித்தது. உள்ளூர்க் கூரைகள் வாடிக்கையாளர்களாக இருந்திருந்தால் அந்த அடி இவ்வளவு வலித்திருக்காது.

சுத்தமான மின்சாரமும் சுங்கை ஆசாப்பும்

சுத்தமான சக்தி என்றாலே நியாயமான சக்தி என்று நினைத்துவிடக் கூடாது. சரவாக்கின் பாக்குன் அணை 2,400 மெகாவாட் திறன் கொண்டது. 2011இல் மின் உற்பத்தியைத் தொடங்கியது. அதில் கரி எரிவதில்லை, புகை வருவதில்லை. ஆனால் அதன் நீர்த்தேக்கம் மூழ்கடித்த நிலம் ஏறக்குறைய 700 சதுர கிலோமீட்டர். கிட்டத்தட்ட சிங்கப்பூர் அளவு. காயான், கென்யா, பெனான் உள்ளிட்ட இனங்களைச் சேர்ந்த சுமார் 10,000 பேர், 15 நீண்ட வீடுகளிலிருந்து, 1998 முதல் சுங்கை ஆசாப்புக்கு இடம் பெயர்க்கப்பட்டார்கள். அப்போது ஆசியப் பொருளாதார நெருக்கடியால் அணை வேலையே நின்றுபோயிருந்தது. அணை நின்றது, மக்களைப் பெயர்ப்பது நிற்கவில்லை. ஆறும் காடும் வயலுமாக வாழ்ந்த குடும்பங்களுக்குத் தலா 3 ஏக்கர் நிலம் தரப்பட்டது. பிள்ளைகள் பெருகியபோது நிலம் பெருகவில்லை.

இதைப் பார்த்த பாராம் ஆற்று மக்கள் பாடம் கற்றார்கள். அங்கே இன்னோர் அணை கட்டத் திட்டமிட்டபோது, 2013 முதல் வழிமறித்து அமர்ந்தார்கள். மழையிலும் வெயிலிலும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அந்த மறியல் நீடித்தது. அப்போதைய முதலமைச்சர் அட்னான் சாத்தெம் 2015இல் திட்டத்தை நிறுத்தி வைத்தார். 2016இல் எடுத்த நிலம் திரும்ப மக்களுக்கே வந்தது. பாராம் மக்கள் மின்சாரத்தை எதிர்க்கவில்லை. யாரோ பயன்படுத்தும் மின்சாரத்துக்காகத் தாங்கள் மட்டும் ஊரை இழக்க முடியாது என்றார்கள். பத்து ஆராங் தொழிலாளியும் பாராம் விவசாயியும் சந்தித்ததில்லை. ஆனால் இருவரின் கேள்வியும் ஒன்றே.

பிற நாடுகள் செய்தது

இதற்கு விடை இல்லையா? சில நாடுகள் முயன்றிருக்கின்றன. பிரிட்டனும் ஜெர்மனியும் இரண்டு வழிகளைக் காட்டுகின்றன. பிரிட்டனில் 1984-85 வேலைநிறுத்தம் தோற்ற பிறகு நிலக்கரிச் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. சுரங்க ஊர்களுக்கு மாற்றுப் பிழைப்பு தயாராக இருக்கவில்லை. 2024 செப்டம்பர் 30ஆம் தேதி கடைசி நிலக்கரி மின் நிலையம் மூடப்பட்டதை உலகம் பாராட்டியது; ஆனால் அந்தச் சுரங்க ஊர்களில் பலவற்றின் காயம் இன்னும் ஆறவில்லை. ஜெர்மனி வேறு வழியில் சென்றது. தொழிற்சங்கம், நிறுவனம், சுற்றுச்சூழல் அமைப்பு, மாநில அரசு எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தது. 2038க்குள் நிலக்கரியை விடுவதாக 2020இல் சட்டம் இயற்றியபோதே, நிலக்கரி வட்டாரங்களுக்கு 40 பில்லியன் யூரோ வரை ஒதுக்கியது. தாமதம் என்று அதைக் குறை கூறுபவர்கள் உண்டு. ஆனால் எந்த ஊருக்கு எந்த ஆண்டு என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது.

பக்கத்திலேயே சிங்கப்பூர் இருக்கிறது. அதன் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. அணை கட்ட ஆறு இல்லை. பண்ணை போட நிலம் இல்லை. தெங்கே நீர்த்தேக்கத்தின் மேல் 2021இல் 60 மெகாவாட் தகடுகளை மிதக்க விட்டார்கள். 2022 முதல் லாவோஸ் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாகச் சிங்கப்பூருக்கு வரத் தொடங்கியது. பெரிய தொழிற்சாலைகளின் புகைக்கு 2019இல் டன்னுக்கு 5 வெள்ளி வரி போடப்பட்டது. 2024இல் அது 25 ஆனது. 2026க்கு 45 ஆனது. அடுத்தடுத்த உயர்வுகள் பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களுக்குத் திட்டமிட நேரம் கிடைத்தது. குடும்பங்களுக்கு மின் கட்டணத் தள்ளுபடி கிடைத்தது. கசப்பு மருந்துதான். ஆனால் அளவையும் நேரத்தையும் சொல்லிக் கொடுத்த மருந்து.

அடுத்த பத்து ஆராங் எது?

நேயர்களே, இனி வரும் ஆண்டுகளில் காப்பாரிலும் மஞ்சோங்கிலும் கொதிகலன்கள் அணையப் போகின்றன. அங்கே நிரந்தரப் பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு நிலையத்தில் இடம் கிடைக்கலாம். ஆனால் குத்தகை முறையில் துப்புரவு செய்பவர்கள், காவலர்கள், பராமரிப்பு ஊழியர்கள், உணவுக்கடை நடத்துபவர்கள், லோரி ஓட்டுநர்கள் இவர்களுக்கு யார் இடம் தருவார்கள்? ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது என்பது நிறுவனத்துக்குத் தெரியும். அது அந்த ஊழியருக்கும் தெரிய வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்தால் அவருடைய மகன் வேறு தொழில் கற்கலாம். அவரே மின்கலப் பராமரிப்போ தகடு பொருத்தும் வேலையோ பழகலாம். கடைசி மாதத்தில் தெரிந்தால், பத்து ஆராங் குடும்பங்கள் செய்ததைத்தான் அவரும் செய்ய வேண்டியிருக்கும்.

செய்ய வேண்டியவை மாயமான காரியங்கள் அல்ல. நிலக்கரி நிலையங்கள் மூடும் ஆண்டை ஊருக்கு ஊர் வெளிப்படையாக அறிவிக்கலாம். அந்த இடங்களில் ஏற்கெனவே நிற்கும் மின்கம்பங்களையும் துணை நிலையங்களையும் பயன்படுத்தி, மின்கலச் சேமிப்பு நிலையங்களை அங்கேயே அமைக்கலாம். மானியத்தில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கைப் பேருந்துக்கும் ரயிலுக்கும் என்று ஒதுக்கி, கணக்கை மக்கள் முன் வைக்கலாம். மலிவு விலை அடுக்குமாடிகள், தமிழ்ப் பள்ளிகள், கோயில் மண்டபங்கள், பள்ளிவாசல்கள், சமூகக் கூடங்கள் இவற்றின் கூரைகளில் பொதுவாகத் தகடு பொருத்தி, அதன் பலனைக் குடியிருப்பாளர்களின் கட்டணத்தில் கழிக்கலாம். அணையோ பண்ணையோ அமையும் இடத்தில், அந்த ஊர் மக்களை நில இழப்பீடு வாங்குபவர்களாக மட்டும் பார்க்காமல், வருமானத்தில் பங்குதாரர்களாக ஆக்கலாம்.

இவற்றுக்கு மக்களும் ஒன்று செய்ய வேண்டும். தேர்தல் மேடையில் ஒருவர் 'எண்ணெய் விலையைக் குறைப்பேன்' என்று சொன்னால் கைதட்டுவதற்கு முன், 'எந்தப் பணத்தில்?' என்று கேட்க வேண்டும். இன்னொருவர் 'நாட்டைப் பசுமையாக்குவேன்' என்று சொன்னாலும் கைதட்டுவதற்கு முன், 'யார் செலவில்?' என்று கேட்க வேண்டும். இரண்டு கேள்விகளுக்கும் நேர்மையாக விடை சொல்பவர்தான் இந்த மாற்றத்தை நடத்தத் தகுந்தவர்.

அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்து ஆராங்கின் புகைபோக்கிகளில் புகை இல்லை. காற்று சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஊரில் வேலை செய்தவர்களிடம், ஊர் ஓய்ந்த பிறகு என்ன செய்யப் போகிறீர்கள் என்று அன்று யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. காப்பாரில் அந்தக் கேள்வியைக் கேட்க இன்னும் காலம் இருக்கிறது.